நூற்று இருபதுக்கு எண்பது

நவம்பர் 4

மருத்துவக் கல்லூரியில் முதல் நாள். வகுப்புக்குள் நுழைந்ததும் நூற்றைம்பது பேரும் எழுந்து நின்று குட்மார்னிங் சொன்னார்கள். யாருக்குச் சொல்கிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. முப்பத்தொரு வயது, முன்மண்டை வழுக்கை, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. பேராசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். நான் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்ததும் ஒரு பெரிய "ஓ" கேட்டது. மதியச் சாப்பாட்டுக்குள் பெயரும் வைத்தாகிவிட்டது. தவசி அங்கிள்.

பக்கத்தில் உட்காரும் பெண் மட்டும் அண்ணா என்கிறாள். மெர்லின், நாகர்கோவில் பக்கம். பதினெட்டு வயது. சிரிப்பதற்குக்கூட அட்டவணை வைத்திருப்பாள் போல.

நவம்பர் 9

ஹாஸ்டலில் சீனியர்கள் கூப்பிட்டார்கள். ஜூனியர் யாரும் சீனியர் முகத்தைப் பார்க்கக் கூடாதாம். குனிந்து, நம் சட்டையின் மூன்றாவது பொத்தானையே பார்க்க வேண்டுமாம். இருபது வயதுப் பையன் ஒருவன் கட்டில்மேல் காலைப் போட்டுக்கொண்டு, "டேய், தேர்ட் பட்டன்" என்றான்.

"தம்பி, எனக்குத் தொப்பை இருக்கு. மூணாவது பட்டன் தெரியாது. ரெண்டாவதைப் பாக்கட்டுமா?"

அறையே சிரித்தது. அவன் என் வயதைக் கேட்டான். சொன்னேன். காலைக் கீழே இறக்கிவிட்டு, "சாரி சார், நீங்க போய்ப் படுங்க" என்றான்.

சார் என்று கேட்டதும் காது குளிர்ந்தது. எட்டு வருஷம் நான் மட்டும்தான் எல்லாரையும் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 15

ஏன் இந்த வயதில் என்று எல்லாரும் கேட்கிறார்கள். சேவை செய்ய என்று சொல்லிவிடுகிறேன். கேட்கிறவனும் நம்புவதில்லை, சொல்கிற நானும் நம்புவதில்லை.

நான் மெடிக்கல் ரெப்பாக இருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டு வாசலில் நிற்கிற வேலை. விருதுநகரில் ஒரு டாக்டர். நோயாளிகள் எல்லாரும் போன பிறகுதான் ரெப்புகளைக் கூப்பிடுவார். ஒரு மே மாதம், செருப்பு விடுகிற இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே ஏசியில் அவருடைய நாய் படுத்திருப்பது தெரிந்தது. அது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அன்றைக்குத்தான் நீட் புத்தகம் வாங்கினேன். இரண்டு தடவை தேறவில்லை. மூன்றாவது தடவை அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது.

"அப்ப கோட்டாவா அங்கிள்?" என்று கேட்டான் ஒருத்தன். அவன் அப்பா டாக்டர், அம்மா டாக்டர், தாத்தா டாக்டர், பிறந்ததே சொந்த ஆஸ்பத்திரியில். அது கோட்டாவில் சேராதாம்.

நவம்பர் 22

இன்று உடலியங்கியல் வகுப்புக்குப் புதிதாக ஒரு பேராசிரியர் வந்தார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் கோமதிநாயகம். காலையில் கல்லூரி, மாலையில் சொந்தமாகச் சர்க்கரை நோய் கிளினிக். எங்கள் கம்பெனி மாத்திரையை மழை மாதிரி எழுதித் தள்ளியவர். அதற்காகக் கம்பெனி அவரை ஒரு மருத்துவ மாநாட்டுக்கு அனுப்பியது. மாநாடு பாலித் தீவில் நடந்தது. அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் எல்லாரும் கலந்துகொண்டார்கள். டிக்கெட் போட்டது நான். மாமியாருக்கு ஜன்னல் சீட் கேட்டு வாங்கியதும் நான்.

வருகை எடுக்கும்போது என் பெயரில் நின்றார். என்னைப் பார்த்தார். அப்புறம் மீதிப் பெயர்களைப் படிக்கவே மறந்துவிட்டார்.

மாலையில் அறைக்குக் கூப்பிட்டார். "என்னப்பா இது, கம்பெனி அனுப்பிச்சுதா?"

"இல்ல சார். படிக்க வந்திருக்கேன்."

"படிக்கவா? எதுக்கு?"

மனிதர் உண்மையாகவே கேட்டார்.

டிசம்பர் 13

செய்முறை வகுப்பு. ரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். கையில் பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி, முழங்கை மடிப்பில் ஸ்டெத்தை வைத்து, மெதுவாகக் காற்றை இறக்க வேண்டும். துடிப்புச் சத்தம் தொடங்குகிற இடம் மேல் அளவு. சத்தம் நிற்கிற இடம் கீழ் அளவு. அவ்வளவுதான்.

எனக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை. மெர்லின் கையில் மூன்று தடவை வைத்தேன். அவள் ரத்தம் ஓடுகிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது. யாரிடமாவது கேட்கலாம் என்று பார்த்தால், முன் பெஞ்சுப் பையன் திரும்பி, "அங்கிள், நீங்க ஃபீல்டுல இருந்தவர், இது சரியா பாத்துச் சொல்லுங்க" என்று தன் பட்டையைக் காட்டினான். சரி என்று தலையாட்டினேன்.

120/80 எழுதினேன். பாடப்புத்தகத்தில் ஆரோக்கியமானவனுக்கு உள்ள அளவு.

கோமதிநாயகம் ஒவ்வொருவரையும் திட்டிக்கொண்டே வந்தார். மெர்லின் 116/74 எழுதியிருந்தாள். "மறுபடி எடு" என்று அவளை நிற்க வைத்தார். என் நோட்டைத் திறக்கவேயில்லை. மேலட்டையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, "குட்" என்றார்.

டிசம்பர் 14

மெஸ்ஸில் மறுபடி உப்புமா.

ஜனவரி 20

முதல் இன்டர்னல் தேர்வு முடிந்தது. செய்முறையில் பாதி வகுப்பு ஃபெயில். என்னிடம் கோமதிநாயகம் கேட்ட ஒரே கேள்வி: "சாப்பிட்டாச்சா?"

நல்ல மார்க். மெர்லின் என் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். எனக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை. நான் கேட்டா வாங்கினேன்? மடியில் விழுந்த மாம்பழத்தை மறுபடி மரத்தில் போய் ஒட்டவைக்க முடியாது. டாக்டர் பிள்ளைகளுக்கு அப்பா சிபாரிசு செய்வார். எனக்குப் பாலித் தீவு செய்கிறது. இதுவும் சமூக நீதிதான்.

ஜனவரி 27

அம்மா போன். ஊரில் என்னை டாக்டர் என்றே சொல்லிவிட்டாளாம். "இன்னும் அஞ்சு வருஷம் இருக்கும்மா" என்றேன். "அது எனக்குத் தெரியும். ஊருக்கு எதுக்குத் தெரியணும்?" என்றாள்.

பிப்ரவரி 11

முதல் வருஷ மாணவர்கள் ஆளுக்குச் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, அவ்வப்போது போய் உடல்நலம் பார்க்க வேண்டும் என்பது விதி. தத்து என்றதும் அவர்களுக்கு நாம் சோறு போடுகிறோம் என்று அர்த்தமில்லை. அவர்கள்தான் நமக்குப் போடுகிறார்கள். எனக்கும் மெர்லினுக்கும் முத்தரசன்விளை. உப்பளத்துப் பக்கம்.

முதல் வீடு சுடலைமுத்து அண்ணாச்சி. உப்பு லாரி டிரைவர். ஐம்பத்தெட்டு வயது, கல்தூண் மாதிரி ஆள். மெர்லின் பட்டையை எடுத்ததும் கையை இழுத்துக்கொண்டார். "சின்னப்புள்ள நீ அந்தால இரு பாப்பா. பெரிய டாக்டர் பாக்கட்டும்."

பெரிய டாக்டர் நான்தான். திருத்த வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

தெருவில் ஒரே இரைச்சல். எதுவும் கேட்கவில்லை. ஆளைப் பார்த்தால் நோயாளி மாதிரி இல்லை. 120/80 என்றேன்.

அவர் மனைவி பேச்சியம்மாவைப் பார்த்துத் தொடையில் தட்டிச் சிரித்தார். "கேட்டியாட்டி? மூணு வாரமா மாத்திரையத் தொடல. நூத்தி இருபதாம்! அந்தக் கருமத்தப் போட்டா ஸ்டீயரிங்லயே கெறங்குதுன்னு சொன்னா நம்ப மாட்டேன்னியே."

அவருக்குப் பிரஷர் மாத்திரை இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். விட்டுவிடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பேச்சியம்மா இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். "மொதல்ல பெரிய டாக்டருக்கு" என்று எனக்கு நீட்டினாள். நல்ல மோர். இஞ்சி தட்டிப் போட்டிருந்தது.

மார்ச் 16

இரண்டாவது இன்டர்னல். "வீட்ல அம்மா சௌக்கியமா?" நல்ல மார்க்.

ஏப்ரல் 6

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மெர்லினும் நானும் முத்தரசன்விளைக்குப் போனோம். அண்ணாச்சி வீட்டில் இருந்தார். பேச்சியம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "எய்யா, இவுகளுக்கு நாலு நாளா பிடரி வலி. நீங்க ஒரு வார்த்த கேளுங்க."

"வண்டி ஓட்டுதவனுக்குப் பிடரி வலிக்காம முழங்காலா வலிக்கும்?" என்றார் அவர்.

மெர்லினுக்குத் தேர்வு பயம். "மாமா, நான் ஒரு தடவை பாத்துப் பழகிக்கிடட்டா?" என்று கெஞ்சினாள். "பழகுததுக்கு என் கைதான் கெடச்சுதா? சரி, பாரு. தப்பாச் சொன்னா பெரிய டாக்டர் திருத்துவாரு."

ஒரு தடவை பார்த்தாள். மறுபடி பார்த்தாள். கையை மாற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சின்னக் குரலில் சொன்னாள். "நூத்தித் தொண்ணூத்தாறு. கீழ நூத்திப் பன்னெண்டு."

"தப்பா இருக்கும், தள்ளு" என்று ஸ்டெத்தை மாட்டினேன். அவள் அண்ணாச்சி கையைப் பார்க்கவில்லை. என் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, ஒரு நிமிஷம் வெளியில வாங்க."

வேலிப் பக்கம் போனோம்.

"ஸ்டெத்தைத் திருப்பி மாட்டியிருக்கீங்க."

"என்னது?"

"காதுக்குள்ள போற முனை ரெண்டும் முன்னால, மூக்குப் பக்கமாப் பாக்கணும். உங்களுக்குப் பின்னால பாக்குது. இப்படிப் போட்டா எதுவுமே கேக்காதே." கழற்றித் திருப்பி என் கையில் கொடுத்தாள். "இவ்வளவு நாளா எப்படிக் கேட்டீங்க?"

நான் காதுமுனைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அப்ப பிப்ரவரில..." என்றாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். பதினெட்டு வயதுதான், மக்கு இல்லை.

எட்டு வருஷத்தில் எத்தனை டாக்டர்களுக்கு ஸ்டெத் பரிசு கொடுத்திருப்பேன். எல்லாம் பெட்டியோடு கொடுத்தது. இங்கே வகுப்பில் ஒருத்தன்கூடச் சொல்லவில்லை. அங்கிளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டிருப்பான்கள். சொல்ல வேண்டியவர் என் அம்மாவின் சௌக்கியத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போய் வைத்தேன். கேட்டது. சைக்கிள் டியூபை விரலால் சுண்டுகிற மாதிரி, டொப், டொப் என்று. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கேட்ட சத்தம் 194-இல் தொடங்கியது. பாதரசம் இறங்க இறங்க, நில்லேன், நில்லேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். 110-இல்தான் நின்றது.

"அண்ணாச்சி, இன்னைக்குக் கொஞ்சம் ஏறியிருக்கு. மாத்திரையத் திரும்ப ஆரம்பிச்சிருங்க."

"நேத்து கருவாடு தின்னேன். அதான் ஏறியிருக்கும். தானா எறங்கும்."

"இல்ல, எறங்காது."

"என்ன சொல்லுதீரு? அன்னைக்கு மாத்திரை இல்லாமத்தானே நூத்தி இருபது இருந்துது? நீருதானே பாத்தீரு?"

நான்தான் பார்த்தேன்.

எவ்வளவோ சொன்னோம். மெர்லின் பக்கவாதம் என்ற வார்த்தையையே சொல்லிவிட்டாள். "பாப்பா, புஸ்தகத்துல உள்ளதப் பேசாத" என்றார் அவர். வியாழக்கிழமை கொச்சிக்கு உப்பு லோடு ஏற்றுகிறாராம். மலைப்பாதை.

ஏப்ரல் 7

கோமதிநாயகத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"உனக்கு என்ன வேணும்? மார்க் பத்தலையா?"

"சார், அவருக்கு நான் பொய்யா ஒரு அளவு சொல்லிட்டேன். அதை நம்பி மாத்திரையை விட்டுட்டார். அது பொய்னு சொன்னாத்தான் திரும்பப் போடுவார்."

"பேஷண்ட்கிட்ட போய் யாராவது நான் பொய் சொன்னேன்னு சொல்லுவானா? டாக்டர் மேல இருக்கற நம்பிக்கையே போயிடும்."

"அந்த நம்பிக்கைதான் சார் இப்ப அவரைக் கொல்லப்போகுது."

எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தார். "தவசி, நல்லா யோசி. நீ சொன்னா விசாரணை வரும். செய்முறையில இவனை யார் பாஸ் போட்டதுன்னு கேப்பாங்க. ஏன் போட்டீங்கன்னு கேப்பாங்க. அப்புறம் பாலி வரும். எனக்கு ரிட்டயர்மெண்ட் இருக்கு. உன்னை டீட்டெயின் பண்ணிடுவாங்க. இந்த வயசுல ஒரு வருஷம் போச்சுன்னா தாங்குவியா?"

தாங்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். படுத்ததும் தூங்கிவிட்டேன். குறட்டை தாங்க முடியவில்லை என்று அறைத்தோழன் புகார் சொன்னான்.

ஏப்ரல் 8

வேறு யாராவது போய்ச் சொல்லலாம். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லலாம். கிராமத்துக்குப் போகிற அடுத்த பேட்ச் சொல்லலாம். அவருக்கே ஒருநாள் தலை சுற்றினால் தானாகப் போட்டுவிடுவார். இப்படி ஒன்பது வழி எழுதி அடித்திருக்கிறேன். எல்லா வழியிலும் நான் பெரிய டாக்டராகவே இருக்கிறேன்.

ஏப்ரல் 9, வியாழன்

உப்புக் கொட்டகைக்குப் போனேன். நான் கூப்பிடாமலே மெர்லினும் பஸ் ஏறிவிட்டாள். இறங்கும்போது, "வெள்ளைக் கோட்டைக் கழட்டுங்கண்ணா" என்றாள். கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

லோடு ஏற்றியாகிவிட்டது. அண்ணாச்சி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டிருந்தார். சுற்றிலும் ஏழெட்டு லோடுமேன்கள்.

"என்ன டாக்டரே, இங்க வந்துட்டீரு? கொச்சிக்கு வாரீரா?"

"அண்ணாச்சி, நான் டாக்டர் இல்ல. முதல் வருஷம் படிக்கேன். இந்தப் புள்ளையும் நானும் ஒரே கிளாஸ்."

"வெளையாடாதீரும்."

"பிப்ரவரியில உங்க கையில எனக்கு எதுவுமே கேக்கல. ஸ்டெத்தைத் திருப்பி மாட்டியிருந்தேன். கேக்கலைன்னு சொல்ல வெக்கமா இருந்துது. நூத்தி இருபதுன்னு சும்மா அடிச்சு விட்டேன்."

ஒரு லோடுமேன் வாய்விட்டுச் சிரித்தான். "ஏலே, ஒரே கிளாஸாம்லே! எத்தன வருசம் ஃபெயிலு?" மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. எஞ்சினை அணைத்தார்.

"அப்ப அன்னைக்கு எனக்கு எவ்வளவு இருந்துது?"

"தெரியாது."

"கூடவா, கொறவா?"

"தெரியாது அண்ணாச்சி."

கீழே இறங்கி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கணக்கு முடிந்திருக்கும். "பிரேக்கு பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லணும்வே. பிடிக்கும்னு சொல்லி ஒருத்தன மலைக்கு அனுப்பலாமா?" என்றார். குரலை உயர்த்தவேயில்லை. "ரெண்டு மாசம். திருவனந்தபுரம், கோட்டயம், கொச்சி. எத்தன எறக்கம் எறங்கியிருப்பேன்? எத்தன ஸ்கூல் பஸ்ஸு எதுத்தாப்புல வந்துருக்கும்?"

சாவியை வேறொரு டிரைவரிடம் எறிந்துவிட்டு மெர்லினைப் பார்த்தார். "நீ வா பாப்பா. ஆசுபத்திரிக்குப் போவோம்." என்னைக் கூப்பிடவில்லை. பின்னாலேயே போனேன்.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா கிறக்கம் தராத வேறு மாத்திரை எழுதினார். அழுத்தம் இறங்கும்வரை வண்டி தொடக் கூடாது என்றார். அது அண்ணாச்சிக்குச் சம்பளமில்லாத நாட்கள். திரும்பி வரும்போது அதையும் என்னிடம்தான் சொன்னார், ஊருக்கே கேட்கிற மாதிரி.

ஏப்ரல் 10

டீனிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பாலித் தீவைப் பற்றி எழுதவில்லை. கேட்டால் சொல்வேன்.

ஏப்ரல் 24

கேட்டார்கள். சொன்னேன்.

எனக்கு வருஷத் தேர்வு எழுத அனுமதி இல்லை. துணைத் தேர்வு பேட்சோடு எழுதி, பிறகு அவர்களோடேயே பின்தங்கிப் படிக்க வேண்டும். மெர்லின் இனி எனக்குச் சீனியர். கோமதிநாயகத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு அதிகபட்சம் வேறு ஊருக்கு மாற்றல் வரும். அங்கே ஒரு கிளினிக் திறப்பார்.

இன்று செய்முறை மறுதேர்வில் என்னை நிற்கவைத்து அரைமணி நேரம் கேள்வி கேட்டு ஃபெயிலாக்கினார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. ஐந்து மாதமாக அடக்கி வைத்திருந்த திட்டெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. நியாயமாகவே ஃபெயில். பாதிக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை.

ஏப்ரல் 25

அம்மாவிடம் சொன்னேன். மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "ஊருக்குச் சொல்ல வேண்டாம்" என்றாள். "ஊருக்கு இல்லம்மா, அந்த ஆளுக்குச் சொன்னேன்" என்றேன். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

மே 18

முத்தரசன்விளை. என்னை மறுபடி அங்கே அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். மெர்லினோடு போகலாம், ஆனால் அவள் கண்காணிப்பில் என்று உத்தரவு. பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவளே டிக்கெட் எடுத்தாள்.

பேச்சியம்மா, "வாய்யா ஒண்ணாங்கிளாஸு" என்று கூப்பிட்டாள். தெருவில் இப்போது என் பெயர் அதுதானாம். மோர் முதலில் மெர்லினுக்கு.

அண்ணாச்சி வண்டிக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. கையை மெர்லினிடம் நீட்டினார். அவள் பார்த்து முடித்து வாயைத் திறக்கப் போனாள். "நீ சொல்லாத பாப்பா. மனசுல வச்சுக்க" என்றார். பிறகு அதே கையை என் பக்கம் நகர்த்தினார். "இவரு மொதல்ல சொல்லட்டும்."

ஸ்டெத் முனைகள் முன்னால் பார்க்கும்படி காதில் மாட்டினேன். காற்றை ஏற்றினேன். இறக்கும்போது தெருவில் ஒரு பைக் போனது.

"கேக்கல அண்ணாச்சி. இன்னொரு தடவ."

"ஏத்தும்."

இரண்டாவது தடவை பதற்றத்தில் காற்றை வேகமாக இறக்கிவிட்டேன். "இன்னொரு தடவ."

"கை என்ன பம்புசெட்டா? சரி, ஏத்தும்."

மூன்றாவது தடவை டொப் என்று தொடங்கியது தெளிவாகக் கேட்டது. எங்கே நின்றது என்று பிடிபடவில்லை. பேச்சியம்மா, மெர்லின், வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல நூத்தி நாப்பத்தெட்டு. கீழ எனக்குத் தெரியல."

அண்ணாச்சி மெர்லினைப் பார்த்தார்.

"நூத்தி அம்பது மாமா. கீழ தொண்ணூத்திரண்டு."

"மேல ரெண்டுதான் வித்தியாசம்" என்று அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "கீழ உள்ளத அடுத்த மாசம் படிச்சுட்டு வாரும்."

மெர்லின் அவளுடைய பதிவு அட்டையில் இரண்டையும் எழுதினாள். என் அட்டையில் மேலே 148 எழுதினேன். கீழ்க் கட்டத்தைக் காலியாக விட்டேன்.